‘அடிவயித்துலேருந்து பாடு!’ - பாட்டு டீச்சர் சொல்வதற்கு என்ன அர்த்தம்?

பாட்டு கிளாஸில் சேர்ந்த முதல் மாதத்திலேயே காதில் விழும் வார்த்தை, ‘அடிவயித்துலேருந்து பாடு!’ குழந்தையும் வயிற்றை எக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தும். டீச்சர் கேட்டது அதை அல்ல.

வயிற்றில் சத்தம் பிறப்பதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி இருக்கும் உதரவிதானம், மூச்சை உள்ளே இழுக்கிற தசை. அது கீழே இறங்கினால் வயிறு முன்னே தள்ளும். பாடும்போது அந்த மூச்சு ஒரேயடியாகத் தீர்ந்துவிடாமல், வயிற்றுத் தசைகள் நிதானமாக வெளியே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ‘அடிவயிறு’.

சத்தம் பிறக்கும் இடம் குரல்வளை. அங்கே இருப்பவற்றைக் ‘குரல் நாண்கள்’ என்கிறோம். பெயரைக் கேட்டால் வீணைத் தந்தி ஞாபகம் வரும். உண்மையில் அவை ஈரமான இரண்டு சதை மடிப்புகள். பெரியவர்களுக்கே சுமார் 1 முதல் 2.5 செ.மீ. நீளம்தான். ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண் மத்திம ஸ்தாயி சட்ஜத்தைப் பிடித்தால், அவை விநாடிக்கு சுமார் 196 முறை அதிரும். மேல் சட்ஜத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு!

பாடும்போது இவை அசைவதைப் பார்த்துச் சொன்னவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். லண்டனில் பாடம் நடத்திவந்த மானுவல் கார்சியா, 1854-ல் பல் டாக்டர்களின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தில் தன் குரல்வளையையே பார்த்தார்.

மேல் ஸ்தாயியில் சிலர் மெல்லிசான குரலுக்குத் தாவுவார்கள். நம் ஊரில் அது கள்ளக்குரல். மேற்கத்திய இசையில் ஃபால்செட்டோ; ‘பொய்’ என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு ஊரும் ஒரே மாதிரி யோசித்திருப்பது வேடிக்கைதான். ஆனால், குரல் நாண்களுக்கு மேலே ‘பொய் நாண்கள்’ என்று இன்னொரு ஜோடியும் இருப்பதால் குழப்பம் வரும். கள்ளக்குரல் அங்கிருந்து வருவதில்லை. அசல் நாண்களே மெலிதாக இழுபட்டு, ஓரம் மட்டும் அதிர்வதால் வருகிறது.

வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு தொண்டையை அழுத்தியே பாடினால், மடிப்புகள் உரசும் இடத்தில் காய்ப்பு மாதிரி முடிச்சு விழும். குரல் கரகரக்கும், மேல் ஸ்தாயி எட்டாது. பெரும்பாலும் ஓய்வும் முறையான குரல் பயிற்சியுமே போதும். ஆபரேஷன் எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ ஜூலி ஆண்ட்ரூஸுக்கு, 1997-ல் நடந்த தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு பழைய பாட்டுக் குரல் திரும்பவே இல்லை.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. மிளகுப் பால் தொண்டைக்கு இதம்தான். ஆனால், விழுங்குவதெல்லாம் உணவுக்குழாய்க்குப் போய்விடும், நாண்களைத் தொடாது. குடிக்கும் தண்ணீர் உடம்பில் ஊறித்தான் அங்கே ஈரம் சேரும். மேடை ஏறும் நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடிப்பதில் பிரயோஜனமில்லை.