தங்காத கருவைச் சுமத்தல்: சட்டமும் தோட்டத்துத் தாயும்

வயிற்றிலுள்ள பிள்ளை பிறந்தாலும் பிழைக்காது என்பது ஐந்தாம் மாத ஸ்கான் பரிசோதனையிலேயே தெரிந்துவிடக்கூடும். எஞ்சிய மாதங்களைத் தாய் எவ்வாறு கழிக்கின்றாள் என்னும் வினா நம்மிடையே அரிதாகவே எழுகின்றது. அவளுக்குத் தெரிவு எதுவும் விடப்படாமையே இதற்குக் காரணம் எனலாம்.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைச் சிதைப்பதை 303 ஆம் பிரிவிற் குற்றமாக்கியது. 1995 இல் இதனைத் தளர்த்த எடுத்த முயற்சி பாராளுமன்றத்திற் கைவிடப்பட்டது. 2017 இல், பிழைக்கவியலாத கருவுக்கும் வன்புணர்வால் உண்டான கருவுக்கும் விலக்களிக்கும் யோசனை மதபீடங்களின் எதிர்ப்பினாற் சட்டமாகாது நின்றது. இந்தியாவிலோ 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மருத்துவக் குழு இசையுமாயின் கடும் ஊனமுற்ற கருவுக்குக் கால எல்லை இல்லை. பிள்ளையின் முகத்தை ஒருமுறையேனும் காண விரும்பித் தாமாகவே சுமக்கும் தாய்மாரும் உளர். அவர்தம் விருப்பமும் இங்கு சட்டத்தின் கட்டாயத்துள் மறைந்துபோகின்றது.

இத்தகைய குறைகளுள் ஒன்று, மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாகாமை. கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடவேண்டிய நரம்புக்குழாய் தலைப்பக்கத்தில் மூடாமையால் இது நேர்கின்றது. பிள்ளை இறந்தே பிறக்கும். அன்றேற் சில மணி, சில நாள் வாழும். பனிக்குடநீரைப் பிள்ளை சரிவர விழுங்காமையால் நீர் பெருகி வயிறு பருக்கும். பேறும் நாட்கடந்து தள்ளிப்போகலாம். லயத்தில் அயற்காம்பராக்காரர் இரட்டைப் பிள்ளையோ என மகிழ்ந்து கேட்கும் வயிறு அது.

மடுல்சீமைத் தோட்டப் பெண்ணுக்குப் பெரிய வைத்தியசாலை என்பது பசறை வழியே பதுளைக்கு இறங்கிச் செல்வதாகும். போய்வரும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் இழப்பு. அங்கு கூறப்படும் விளக்கம் அவள் மொழியில் இல்லையெனின், ‘தலை சரியில்லை’ என்ற இரு சொற்களே வீடுவந்து சேரும்.

பிரசவத்தின் பின்னரும் சட்டம் அவளை வேறாக எண்ணுகின்றது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டத்தின்கீழ், பிள்ளை உயிருடன் பிறந்தால் 12 வாரம். இல்லையெனின் 6 வாரம். அவ்வாறிலும் இரண்டு வாரம் பேற்றுக்கு முன்னையது. ஆகவே நான்கே வாரத்திற் கூடையுடன் மலையேற வேண்டும். ஆயின் உடல் இவ்வேறுபாட்டை அறியாது. பிள்ளை இல்லையாயினும் இரண்டாம் மூன்றாம் நாளிற் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும். சுரப்பை நிறுத்த மருந்துண்டு என்பதை முன்கூட்டியே கூறுதல், பிள்ளையை மடியில் வைத்திருக்க இடந்தருதல், அடக்கஞ்செய்ய உடலை ஒப்படைத்தல் ஆகியவற்றுக்குச் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. மருத்துவமனையின் மனம் போதும்.

அடுத்த கருவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இக்குறையுடைய பிள்ளையைப் பெற்ற தாய்மார் கருத்தரிக்குமுன்னரே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் போலிக் அமிலம் உட்கொண்டால், அது மீண்டும் நேர்வது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறையுமென 1991 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. கருவுற்றபின் கிளினிக்கிற் பதிந்து பெறும் மாத்திரை இதற்குக் காலங்கடந்தது. பிள்ளையை இழந்த வீட்டுக்கு, அடுத்த கரு தங்குமுன்னரே குடும்பநல உத்தியோகத்தர் அதனைக் கொண்டுசெல்ல வேண்டும்.