இழைகளை ஆளும் கரு

ஒரு நிரலுக்குள் தனக்கென ஒரு போக்கில் நடைபெறும் கட்டளைத் தொடரைக் கணினித் துறையார் 'இழை' என வழங்குவர். தறியிலிருந்து பெற்ற இச்சொல் பொருத்தமானதே. ஒரு நிரலில் பல இழைகள் ஓடலாம். அவை யாவும் ஒரே நினைவகத்தைப் பொதுவில் வைத்துப் புழங்கும். எந்த இழை எந்தச் செயலியில் எப்பொழுது ஓடவேண்டும் என முடிவு செய்வது இயங்குதளத்தின் உள்ளுறுப்பாகிய 'கரு' ஆகும்.

1965இல் தோன்றிய ஜூரோங் துறைமுகத்தை மனத்திற்கொண்டால் இது எளிதில் விளங்கும். பாரந்தூக்கிகள் செயலிகள், சரக்குக் கப்பல் நிரல், அதில் வேலை செய்யும் குழுக்கள் இழைகள், துறைமுக மேலாளர் கரு எனக் கொள்க. பாரந்தூக்கிகளைக் கூட்டிவிட்டால் மட்டும் வேலை விரைந்துவிடுமா? விடாது. எல்லாக் குழுக்களும் ஒரே கணக்கேட்டில் பதிந்த பின்னரே சரக்கிறக்கலாம் என்றிருந்தால், பத்துப் பாரந்தூக்கிகளில் ஒன்பது காத்து நிற்கும்.

ஆயினும், ஓர் ஏட்டை ஒரே சமயத்தில் இருவர் திருத்தினால் கணக்குக் குழம்பும். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் ஆகாதபடி காப்பதே 'பூட்டு'. 1991இல் தோன்றிய லினக்ஸ், 1996இல் பல செயலிகளை ஏற்றபொழுது, கரு முழுவதற்கும் ஒரே பெரும்பூட்டை இட்டது. ஒரு செயலி கருவுக்குள் இருக்கையில் மற்றவை வாயிலில் நின்றன. பின்னர் பகுதிதோறும் சிறு பூட்டுகளும், செயலிதோறும் தனி வரிசையும் அமைந்தன. ஆனால் பூட்டுகள் பெருகினால் வேறொரு தீங்கு உண்டு. இருவர் ஆளுக்கொரு பூட்டை வைத்துக்கொண்டு மற்றவர் பூட்டுக்குக் காத்திருந்தால் இருவரும் என்றும் நகரார். பூட்டுகளை எல்லோரும் ஒரே ஒழுங்கில் எடுப்பதே இதற்குத் தீர்வு. இவ்வாறு கவனமாகப் பிரிக்கவேண்டியிருந்ததால் பெரும்பூட்டு முற்றும் நீங்க 2011 வரை ஆயிற்று.

அடுத்த வினா, கரு ஒவ்வோர் இழையையும் அறிந்திருக்க வேண்டுமா என்பது. வேண்டாம் என்றது ஒரு முறை. கப்பலின் கங்காணி நாற்பது குழுக்களை வைத்துக்கொண்டு, மேலாளரிடம் நான்கு சீட்டுகள் மட்டும் பெறுவது போன்றது அது. குழு மாற அலுவலகம் செல்லவேண்டியதில்லை, செலவு குறைவு. ஆனால் சீட்டுப் பெற்ற குழு சுங்கத்தாளுக்குக் காத்திருந்தால், வேலைக்கு ஆயத்தமான வேறு குழு உண்டென்பது மேலாளருக்குத் தெரியாது. 1990களில் இம்முறையைக் கையாண்ட சொலாரிஸ், 2002இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் அதைக் கைவிட்டது.

அதே ஆண்டில் உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் லினக்ஸில் இழைதோறும் கருவில் பதிவு செய்யும் முறையை அமைத்தனர். பூட்டுத் திறந்திருந்தால் கருவை நாடாமலே எடுத்துக்கொள்ளலாம். மூடியிருந்தால் மட்டும் கருவிடம் சென்று உறங்கலாம். இவ்வாறு செலவு குறைந்தது. சோதனையில் 1,00,000 இழைகளைத் தொடங்க 2 விநாடியே ஆயிற்று. முன்பு ஏறத்தாழ 15 நிமிடம் ஆகியிருக்கும்.

பழைய முறை அடியோடு மறையவில்லை. கோ மொழியும், 2023 முதல் ஜாவாவும் இலகுவான இழைகளைத் தாமே நிருவகிக்கின்றன. அவற்றில் காத்திருக்கும் இடங்களை மொழியே அறிந்து வேறோர் இழைக்கு இடம் தருகிறது. எம்முறையாயினும் அடிப்படை ஒன்றே: வேலையைப் பங்கிடுவோர், யார் காத்திருக்கிறார், யார் ஆயத்தமாயிருக்கிறார் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். மாணவர் கையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியும் லினக்ஸ் கருவால் இயங்குவதே. அதன் விரைவும் செயலிகளின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று.