பழைய மோட்டார் சைக்கிள் சீரமைப்பு: மரையைச் சுத்தம் செய்ய எந்தக் கருவி?

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளைத் துரு நீக்கி, சாயம் பூசி, மீண்டும் சாலையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை நம்மவர்கள் பலருக்கு உண்டு. தோட்டப்புற வாழ்க்கையோடு ஒட்டி வளர்ந்த வண்டி அது. அப்படிச் சீரமைப்பவர்கள் சாயத்துக்கும் இருக்கைக்கும் குரோம் பூச்சுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். ஆனால், வேலை பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் அந்த இடங்களில் இல்லை. கழற்றிய போல்ட் திரும்ப உள்ளே போகாத ஒரு சிறு துளையில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பல ஆண்டு மழையும் ஈரமும் பட்ட வண்டியில் துளைகளுக்குள் துரு, பழைய கிரீஸ், மண், அலுமினியம் அரித்து உண்டான வெள்ளைத் தூள் எல்லாம் சேர்ந்து இறுகியிருக்கும். இரும்புச் சாமான் கடைக்குப் போய் ஒரு டேப் பெட்டி வாங்கி வந்து, துளைக்குள் விட்டுச் சுற்றினால் சுத்தமாகிவிடும் என்பது பொதுவான எண்ணம். துளை சுத்தமாகத்தான் ஆகும். கூடவே, போல்ட்டைப் பிடித்திருந்த உலோகத்தில் ஒரு பகுதியும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

இதில் இழப்பு ஒரு போல்ட்டோடு முடிவதில்லை. கப்சாய் வண்டியில் எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அலுமினியக் கிராங்க்கேஸில். அந்த எண்தான் கெரான் என்று நாம் சொல்லிப் பழகிய வாகனப் பதிவுச் சான்றிதழிலும் இருக்கிறது. மரை கெட்டதால் கிராங்க்கேஸையே மாற்ற நேர்ந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் எஞ்சின் மாற்றத்தைப் பதிய வேண்டிய அலைச்சல் வரும். அப்பாவின் வண்டியில் இருந்த அசல் எஞ்சின் என்ற பெருமையும் போய்விடும்.

மரை என்பது போல்ட்டிலும் துளையிலும் சுற்றிச் சுற்றி ஓடும் வரிப்பள்ளம். பட்டறையில் திரெட் என்பார்கள். (சங்கப் பாடல்களில் வரும் மரை வேறு, அது ஒரு வகை மான்.)

வெட்டும் கருவியும் துடைக்கும் கருவியும்

டேப் என்பது புது மரை வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் ஓரங்கள் கத்திபோல் கூர்மையானவை. வெறும் துளையில் மரை உண்டாக்குவது அதன் வேலை. ஏற்கெனவே மரை உள்ள துளையில் அதை விட்டால், சற்றே சாய்ந்தாலும் பழைய மரையின் மேலேயே குறுக்கே புது மரை வெட்டத் தொடங்கிவிடும். நேராகப் போனாலும், தேய்ந்து மெலிந்த மரையிலிருந்து இன்னும் கொஞ்சம் சீவி எடுக்கும். அலுமினியம் மென்மையானது, கைக்கு எதிர்ப்பே தெரியாமல் சீவிக்கொண்டு போகும். அடுத்த முறை போல்ட்டை முறுக்கும்போது மரை உருவி வரும்.

திரெட் சேசர் பார்வைக்கு டேப் போலவே இருக்கும். ஆனால் ஓரங்கள் மழுங்கலானவை, விட்டமும் இம்மியளவு குறைவு. இருக்கும் மரையின் வழியே போய் அழுக்கைத் தள்ளி வெளியேற்றும், மடிந்த வரியை நிமிர்த்தும், உலோகத்தை வெட்டாது. சீரமைப்பு வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

கடையில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. பெட்டியின் மேல் ‘டேப் அண்ட் டை’ என்று மட்டும் இருந்தால் அது வெட்டும் கருவி. ‘ரீதிரெடிங்’, ‘திரெட் ரெஸ்டோரர்’, ‘திரெட் சேசர்’ என்ற சொற்களில் ஒன்று இருக்க வேண்டும். விலை மலிவான டேப் பெட்டிகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கடினமாக்கப்பட்ட எஃகு வளையாது, ஒடியும். துளைக்குள் ஒடிந்த டேப்பைச் சாதாரணத் துளைப்பானால் துளைக்க முடியாது. மின்பொறி கொண்டு அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறையைத் தேடிப் போக வேண்டிவரும்.

எல்லா 10 மில்லிமீட்டரும் ஒன்றல்ல

சரியான வகைக் கருவியை வாங்கினாலும் அளவு தவறினால் கெடுதல் அதே கெடுதல்தான். மரைக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று விட்டம், மற்றொன்று ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி, அதாவது பிட்ச். பலரும் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 1.0, 8 மில்லிமீட்டருக்கு 1.25 என்ற பிட்ச்தான் வழக்கம். கடையில் கிடைப்பதும் அதுவே என்பதால் இவற்றில் குழப்பம் குறைவு. சிக்கல் 10 மில்லிமீட்டரில் வருகிறது. கடைகளில் எளிதாகக் கிடைப்பது 1.5 பிட்ச், ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது 1.25. இரண்டு சுற்று வரை உள்ளே போகும், அதன் பிறகு இறுகும். அழுக்குதான் தடுக்கிறது என்று நினைத்து ஸ்பேனரை அழுத்தினால் முடிந்தது கதை.

1960களின் பிற்பகுதிக்கு முந்திய ஜப்பானிய வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அப்போதைய ஜப்பானியத் தர அளவில் 3, 4, 5 மில்லிமீட்டர் திருகாணிகளின் பிட்ச் முறையே 0.6, 0.75, 0.9. இன்றைய அனைத்துலக அளவில் அவை 0.5, 0.7, 0.8. வேறுபாடு தலைமுடி அளவுதான், ஆனால் பொருந்தாது. விளக்கு மூடி, சுவிட்சு போன்ற சின்னச் சின்ன இடங்களில் இவை ஒளிந்திருக்கும்.

பிஎஸ்ஏ, டிரையம்ப், நார்ட்டன் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் தனி உலகம். ஒரே வண்டியில் மூன்று நான்கு வகை மரைகள் இருக்கலாம். 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. அதையொட்டிய நுண்மரைக்கும் அதே கோணம். சைக்கிள் தொழிலிலிருந்து வந்த மரைக்குக் கோணம் 60 பாகை. 1960களின் இறுதிவாக்கில் அமெரிக்காவோடு ஒத்துப்போகும் மரைகள் பிரிட்டிஷ் எஞ்சின்களில் பெருகின. அவற்றுக்கும் 60 பாகை. கால் அங்குல விட்வொர்த்துக்கும் கால் அங்குல அமெரிக்கப் பெருமரைக்கும் அங்குலத்துக்கு 20 வரிகள். கால் அங்குல பிரிட்டிஷ் நுண்மரைக்கும் சைக்கிள் மரைக்கும் 26 வரிகள். எண்ணிப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கோணம் மட்டும் வேறு. ஒன்றுக்கான கருவியை மற்றொன்றில் விட்டால் வரியின் தோள்கள் நசுங்கும். இன்னொன்று, 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். வெர்னியர் காலிப்பரில் அளந்துவிட்டு 8 மில்லிமீட்டர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஆகவே, எந்தக் கருவிக்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒரு பிட்ச் கேஜ். விசிறிபோல் விரியும் பல் தகடுகள் அதில் இருக்கும். அந்தத் துளையிலிருந்து கழற்றிய போல்ட்டின் மரையில் பல்லைப் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவாமல் எந்தத் தகடு உட்காருகிறதோ அதுதான் அளவு. ஜப்பானிய வண்டிக்கு மெட்ரிக் கேஜ் போதும். பிரிட்டிஷ் வண்டி என்றால் 55 பாகைத் தகடுகளும் தேவை.

செலவில்லாத சேசர்

ஒன்றிரண்டு துளைகளுக்காக முழுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. மரை கெடாத அதே அளவு எஃகு போல்ட் ஒன்றை எடுத்து, இரும்பு அறுக்கும் பிளேடால் நீளவாக்கில் இரண்டு மூன்று பள்ளங்கள் அறுக்க வேண்டும். அறுத்த இடத்தில் நீட்டியிருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டால் அதுவே சேசர். அழுக்கு பள்ளத்தில் சேரும். பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வழிதான் இது. சி70 வண்டியின் 6 மில்லிமீட்டர் துளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான கருவி இல்லை எனலாம். துருவேறாத எஃகு போல்ட்டை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அலுமினியத்தோடு உரசிப் பிடித்துக்கொள்ளும்.

வெளி மரைக்கு, அதாவது ஸ்டட், ஆக்ஸில் முனை போன்றவற்றுக்கு, அறுகோண வடிவிலான டை நட் கிடைக்கிறது. சாதாரண ஸ்பேனரே அதற்குப் போதும். நுனி மட்டும் அடிபட்டிருந்தால் மரை அரம் நல்லது. நான்கு பக்கமும் இரு முனைகளிலும் வெவ்வேறு பிட்ச் கொண்ட சதுரக் கம்பி அது. விட்டம் எதுவானாலும் பிட்ச் பொருந்தினால் போதும் என்பதால் ஒரே அரம் பல இடங்களில் உதவும். வெட்டும் டையை ஸ்டட்டில் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. ஸ்டட்டின் மரை பெரும்பாலும் அழுத்தி உருட்டிச் செய்யப்பட்டது; சீவினால் அதன் வலு குறையும்.

எப்படிச் சுற்றுவது?

முதலில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சிறிய நைலான் அல்லது பித்தளைத் தூரிகையால் துடைக்க வேண்டும். பாதித் துளைகள் இதிலேயே சுத்தமாகிவிடும். பிறகு சேசரின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, விரலால் மட்டும் இரண்டு சுற்று உள்ளே செலுத்த வேண்டும். விரலால் போகவில்லையென்றால் அளவோ கோணமோ தவறு. அதன் பிறகே கைப்பிடி. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இறுகினால் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

மறுபுறம் திறக்காத துளைகளில் எண்ணெய் தேங்கியிருக்கக் கூடாது. திரவம் நிரம்பிய துளையில் போல்ட்டை முறுக்கினால், வெளியேற வழியில்லாத எண்ணெயின் அழுத்தம் அலுமினியத்தைப் பிளந்துவிடக்கூடும். கண்ணாடி அணிந்துகொண்டு காற்றால் ஊதி உலர்த்த வேண்டும்.

மணல் அடித்தோ பவுடர் கோட்டிங் செய்தோ வந்த பாகங்களுக்கு இது இன்னும் முக்கியம். மரையின் வரிகளில் ஒளிந்திருக்கும் மணல் பிறகு எஞ்சின் எண்ணெயில் கலந்தால் பேரிங்கை அரைத்துவிடும். மணல் அடிக்கக் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு துளையிலும் ஒரு பழைய போல்ட்டைத் திருகி அடைத்துவிடுவது பிற்பாடு பல மணிநேர வேலையை மிச்சப்படுத்தும்.

ஸ்பார்க் பிளக் துளைக்குச் சேசர் கேட்டால் கடையில் 14 மில்லிமீட்டரை எடுத்து நீட்டுவார்கள். சி70 பிளக் 10 மில்லிமீட்டர், பிட்ச் 1.0, கேட்டு வாங்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் வடியும் போல்ட் 12 மில்லிமீட்டர், 1.5. யமாஹா வண்டி என்றால் வலப்பக்கக் கண்ணாடியின் மரை இடப்புறச் சுற்று என்பதையும் மறக்கக் கூடாது.

சேசர் எவ்வளவு மெதுவாகப் போனாலும், ஏற்கெனவே உருவிப்போன மரையை அது திருப்பித் தராது. துடைத்த துணியில் சுருள் சுருளாக அலுமினியக் கம்பி ஒட்டியிருந்தால் அந்த மரை போய்விட்டது. அப்போதுதான் வெட்டும் டேப்புக்கு உண்மையான வேலை வருகிறது. துளையைப் பெரிதாக்கி, அதற்கென்றே அமைந்த டேப்பால் புது மரை வெட்டி, ஹெலிகாயில் எனப்படும் எஃகுச் சுருளை உள்ளே பதிக்க வேண்டும். சரியாகப் பதித்த சுருள் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும். பழக்கமில்லாதவர்கள் கிராங்க்கேஸைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போவதே மேல். துளை சாய்ந்துவிட்டால் நிமிர்த்த வழியில்லை.

சுத்தமான துளையில் போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது டார்க் ஸ்பேனர் பயன்படுத்துவது நல்லது. அலுமினியத்தில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும். பிடித்துக்கொள்ளாமல் இருக்க மரையில் செம்பு கிரீஸ் தடவியிருந்தால் அதற்கும் சற்றுக் குறைவாகவே முறுக்க வேண்டும். உராய்வு குறைந்த போல்ட் அதே முறுக்கில் கூடுதலாக இழுபட்டு, சுத்தம் செய்த மரையையே உருவிவிடக்கூடும்.