செட்டிங்ஸுக்குள் ஒரு தேதி

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் ஏதாவது ஒரு மொபைல் சர்வீஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால், போனுக்கு வரக்கூடிய சீக்கெல்லாம் தெரிந்துவிடும். சார்ஜ் நிற்கவில்லை, டிஸ்ப்ளே போய்விட்டது, ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது. ‘புது ஆண்ட்ராய்டு இன்னும் வரவில்லை’ என்று யாரும் கடைப்படி ஏறுவதில்லை. அந்தக் கவலை கல்லூரிப் பையன்களுக்குத்தான். அதுவும் நண்பனின் போனுக்கு முதலில் வந்துவிட்டால்.

கூகுள் வெளியிடும் புதிய பதிப்பு நேரே நம் கைக்கு வருவதில்லை. குவால்காம், மீடியாடெக் போன்ற நிறுவனங்கள் தங்கள் சிப்புக்கு ஏற்ப டிரைவர் மென்பொருளைத் திருத்த வேண்டும். பிறகு போன் கம்பெனி தன் மேல்பூச்சைப் பூசும்: தீம், கேமரா, நாம் கேட்காத நாலு ஆப். மாடலுக்கு மாடல் சோதனை. அதன் பிறகும் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்காது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த ‘பிராஜெக்ட் டிரெபிள்’ சிப் சார்ந்த பகுதியைத் தனியே பிரித்து இந்த வேலையைக் குறைத்தது. என்றாலும், விற்று முடித்த பத்தாயிரம் ரூபாய் போனுக்காகப் பொறியாளர்களை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்?

இதற்கு மருந்து தேடி நடந்த பெரிய சோதனை இந்தியாவில்தான் தொடங்கியது. 2014 செப்டம்பரில், சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை டெல்லியில் ‘ஆண்ட்ராய்டு ஒன்’ போன்களை அறிமுகம் செய்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என மூன்று கம்பெனிகள்; விலை சுமார் 6,400 ரூபாயிலிருந்து. அப்டேட் பொறுப்பு கூகுளுடையது. ஏர்டெல் சிம் போட்டால் முதல் ஆறு மாதம் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு டேட்டா கழியாது என்றும் சலுகை இருந்தது. ஜியோ வருவதற்கு இரண்டு வருடம் முந்தைய காலம் அது. அப்டேட்டை இறக்குவதே செலவு. யோசனை நல்ல யோசனைதான், விற்பனை எடுபடவில்லை. அதே விலையில் கூடுதல் ரேமும் நல்ல கேமராவும் கிடைத்தால், பிற்பாடு வரப்போகும் அப்டேட்டுக்காக யார் காசு கொடுப்பார்கள்?

வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அப்டேட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பு ஒன்று. ஐகான் மாறும், நோட்டிஃபிகேஷன் இடம் மாறும். ஆறு மாதம் தாமதமானால் குடி முழுகாது. மற்றது பாதுகாப்புத் திருத்தம். 2015-ல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை அம்பலமானது. வீடியோவைக் கையாளும் பகுதியில் இருந்த பிழை அது, ஒரு எம்.எம்.எஸ். வந்து சேர்ந்தாலே, போன்காரர் அதைத் திறக்காமலே, உள்ளே நுழைய வழி இருந்தது. அந்த வருட ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதந்தோறும் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. கூடவே எந்தெந்த ஓட்டை அடைபட்டது என்ற பட்டியலும் பகிரங்கமாக வரும். அதைத் திருடனும் படிப்பான். திருத்தம் வராத போனில் எங்கே தட்டலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

அண்மையில் என் அண்ணியின் போனை வாங்கிப் பார்த்தேன். செட்டிங்ஸ், ‘அபவுட் போன்’, ஆண்ட்ராய்டு பதிப்பு. பாதுகாப்பு அப்டேட் தேதி இரண்டு வருடம் பழையது. அதன் கீழே ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ என்ற வரியில் மட்டும் புதிதாக ஒரு தேதி. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த ஏற்பாடு இது: சில முக்கியப் பகுதிகளைப் போன் கம்பெனியை எதிர்பார்க்காமல் கூகுளே மாற்றிவிடும். சிப்பின் டிரைவரில் உள்ள ஓட்டையை இந்த வழியில் அடைக்க முடியாது. பாதிப் பாதுகாப்பு என்று வைத்துக்கொள்ளலாம். “நல்லாத்தானே ஓடுது?” என்றார் அண்ணி. ஓடத்தான் செய்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் போனை வெளியுலகமும் கைவிடலாம். ஏராளமான இணையதளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பின் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் இல்லை; அது இல்லாமல் அந்தத் தளங்களைப் போன் நம்ப மறுக்கும். 2020-ல் அப்படிப்பட்டவை ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒரு பங்கு! வேறொரு நிறுவனத்தின் கையொப்பத்தை இரவல் வாங்கி 2024 செப்டம்பர் வரை ஓட்டினார்கள். வாட்ஸ்அப்பும் 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 4.4-ஐ விட்டுவிட்டது.

ஆனால் நம் பக்கம் பணம் பறிபோகும் கதைகளில் ஹேக்கரின் கெட்டிக்காரத்தனம் அவ்வளவாக இருப்பதில்லை. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு வருகிறது, நாமே தொட்டு, நாமே அனுமதி கொடுக்கிறோம், அது ஓ.டி.பி.யைப் படித்துக்கொள்கிறது. எந்தத் திருத்தமும் இதை முழுசாகத் தடுக்காது. இருந்தாலும் வெளியிலிருந்து இப்படிப் பதிவாகும் ஆப், திரையில் உள்ளதைப் படிக்க வழிவிடும் ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதியை எளிதில் பெற முடியாதபடி ஆண்ட்ராய்டு 13 கதவைச் சாத்தியது. அந்தக் கதவு பழைய பதிப்புகளில் கிடையாது. ஆக, பதிப்பு எண்ணுக்கும் ஒரு மதிப்பு உண்டு; அது சீக்கிரம் வருவதால் அல்ல, என்றைக்காவது வந்து சேர்வதால்.

புது போன் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் என்பதுதான். பிக்ஸல் 8, கேலக்ஸி எஸ்24 போன்ற விலை உயர்ந்தவற்றுக்கு ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் கடைகளில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எம்.ஆர்.பி. இருக்கும், தயாரித்த மாதம் இருக்கும். அப்டேட் எந்த வருடம் நிற்கும் என்பது மட்டும் இருக்காது.