செம்பனை மண்ணின் சாது மீன்

கெடா தோட்டங்களில் வரிசை கட்டி நிற்கும் செம்பனைக்குப் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. சியரா லியோன், கினி, லைபீரியா என்று அந்தப் பக்கத்து ஓடைகளில் வாழ்வதுதான் தாமசி சிக்லிட் என்ற மீன். 1915-இல் விலங்கியலாளர் பூலஞ்சர் அதற்கு அறிவியல் பெயரிட்டார்.

சிக்லிட் என்றாலே சண்டைக்காரன் என்று ஒதுக்குவார்கள். இது அப்படியல்ல. விரல் நீளமே வளரும். சின்ன மீன்களோடும் ஒத்துப்போகும். முட்டையிடும் நாள்களில் மட்டும் தன் இடத்தைக் காக்கும். பெண் மீன் தட்டைக் கல்லில் முட்டைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே நகர, ஆண் பின்தொடரும். குஞ்சு பொரித்ததும் இரண்டும் சேர்ந்தே மேய்க்கும். அலுக்காத காட்சி!

சுங்கைப்பட்டாணி வீட்டில் தொட்டியில் வளர்க்க ஹீட்டருக்கு வேலையில்லை. வெயில் படாத மூலைதான் முக்கியம். குழாய் நீரின் குளோரினை மருந்திட்டு நீக்க வேண்டும். பாலிங் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வேண்டாம், தண்ணீர் கடினமாகிவிடும். இந்த மீனுக்கு மென்னீரே பிடிக்கும். காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை இரண்டைப் போட்டால் நீர் தேநீர் நிறமாகும், மீனின் மிரட்சியும் தணியும். தொட்டியில் பெருகும் குட்டி நத்தைகளையும் இது தின்றுவிடும்.

குஞ்சுகள் பெருகிவிட்டால் மீன் கடைக்கோ நண்பர்களுக்கோ கொடுக்கலாம். தோட்டத்து வாய்க்காலில் மட்டும் விடவே கூடாது. அங்குள்ள நாட்டு மீன்களுக்கு அது ஆபத்து.