அடித்தால் ஓடியே ஆகவேண்டும்

சிதம்பரத்துக்காரருக்கு பேஸ்பால் களத்தை விளக்குவது சுலபம். கீழவீதி நிலையிலிருந்து கிளம்பும் தேர், தெற்கு, மேல, வடக்கு வீதிகளைச் சுற்றி மறுபடி நிலைக்கு வருகிறதல்லவா, அதே கணக்குதான். ஹோம் பிளேட்தான் நிலை. மற்ற மூன்று மூலைகளில் மூன்று பேஸ். எல்லாவற்றையும் தொட்டுத் திரும்பினால் ஒரு ரன். தேர் வலமாக வரும். இங்கே இடமாக ஓடவேண்டும், அவ்வளவே.

கஷ்டம், நம் உடம்பில் ஊறிய கிரிக்கெட்டால் வருகிறது. பந்தை லெக் சைடில் பின்பக்கமாகத் தட்டிவிட்டால் கிரிக்கெட்டில் ரன். இங்கே அது ஃபவுல். ஹோம் பிளேட்டிலிருந்து முதல், மூன்றாம் பேஸ்கள் வழியாகப் போகும் இரண்டு கோடுகளுக்கு நடுவே, தொண்ணூறு டிகிரிக்குள், அடிக்கவேண்டும். அப்படி அடித்துவிட்டால் நிற்கிற பேச்சே இல்லை. மட்டையைக் கீழே விட்டுவிட்டு ஓடவேண்டும்.

மார்புக்கும் முழங்காலுக்கும் இடையே, பிளேட்டுக்கு மேலாக வரும் பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். வீசி ஏமாந்தாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். தப்பாக வந்து, அடிக்காமல் விட்ட பந்து நாலானால் முதல் பேஸ் இலவசம்.

புதியவர்கள் குழம்புவது ரன்னரை அவுட் ஆக்குவதில்தான். அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடியே தீரவேண்டும். ஆகவே பந்தை வைத்திருக்கும் ஃபீல்டர் அவருக்கு முன் பேஸை மிதித்தால் போதும், அவுட். ஆளைத் தொட வேண்டாம். பின்னால் ஓடிவருபவருக்கு இடம் விட்டு நகர்ந்தே ஆகவேண்டியவருக்கும் இதே விதி. விருப்பப்பட்டு ஓடுபவரையோ பந்தால் தொட்டாகவேண்டும். யாருக்குக் கட்டாயம், யாருக்கு விருப்பம் என்று பந்து வருமுன்பே யோசித்து வைத்திருப்பவர்தான் நல்ல ஃபீல்டர்.

கிளவுஸ், எறியாத கையில். நான் முதல் நாள் வலக்கையில் மாட்டிக்கொண்டு, பிடித்த பந்தை எறியத் தெரியாமல் விழித்தேன்.

கிரிக்கெட்டில் பந்துவீசும்போது மடங்கிய முழங்கையை நிமிர்த்தி எறிந்தால் நோ பால். பேஸ்பாலில் எறிவதுதான் மூலதனம். 2008இல் ஒரு போட்டியில் கண்டெடுக்கப்பட்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப்பிரதேச இளைஞர்களை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் அந்தப் போட்டிக்கு முன் பேஸ்பால் ஆடியதில்லை, ஈட்டி எறிந்தவர்கள்.

பேஸ்பாலின் உறவுக்கார ஆட்டமான சாஃப்ட்பால் 1887இல் சிகாகோவில், ஒரு கூடத்துக்குள், குத்துச்சண்டைக் கையுறையையும் துடைப்பக்கட்டையையும் வைத்துத் தொடங்கிய விளையாட்டு. பெயரை நம்பாதீர்கள், பந்து மிருது இல்லை. பேஸ்பாலைவிடப் பெரிது, கனம். களம் சிறியது: பேஸ்களுக்கு இடையே 90 அடிக்குப் பதில் 60 அடி, ஒன்பது இன்னிங்ஸுக்குப் பதில் ஏழு. பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசும் பிட்சர் 43 அடியிலிருந்து கையைச் சக்கரமாகச் சுழற்றிக் கீழ்க்கையாக வீசுவார். பேஸ்பாலில் அது அறுபதரை அடி. தூரம் குறைந்ததால் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகப் பந்தும் அரை விநாடிக்குள் வந்துவிடும். இதை லேசான விளையாட்டு என்பவர்கள் ஒருமுறை மட்டை பிடித்துப் பார்க்கலாம்.

இரண்டு ஆட்டங்களிலும், அடித்துவிட்டு ஓடுபவர் முதல் பேஸைத் தொட்டுவிட்டு நேரே தாண்டி ஓடலாம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தாண்டினால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள், அதனால் சறுக்கி நிற்கவேண்டும். முட்டி தேயாமல் அதைப் பழக, கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் மணல் இருக்கிறது.