மாதுளைத் தோலுக்கு இன்னொரு வேலை

மாதுளையை உரித்தால் முத்துகள் கிண்ணத்துக்குப் போகும், தோல் குப்பைக்குப் போகும். பழத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தோல்தான்! மகாராஷ்டிராவின் சோலாப்பூர் பக்கம் மாதுளைத் தோட்டங்கள் ஏராளம். மாதுளைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையமும் அங்கே இருக்கிறது. சாறு பிழியும் ஆலைகளில் எவ்வளவு தோல் மிஞ்சும், யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தோலை வைத்து, உணவு சீக்கிரம் கெடாமல் காக்கும் உறை செய்யப் பல நாட்டு விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள்.

தோலில் ஒரு துணுக்கை நன்றாகக் கழுவி, நுனிப்பல்லால் கடித்துத் துப்புங்கள். நாக்கு இழுத்துப் பிடிக்கும், வாய் வறண்டுபோகும். இந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் வேதிப்பொருள். உமிழ்நீரில் இருக்கும் புரதங்களை அது பிடித்துத் திரள வைத்துவிடுகிறது. அதனால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. ஆவாரம்பட்டையில் உள்ள டானினைக் கொண்டுதான் நம் ஊரில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் அழுகாமல் பதனிட்டார்கள்.

பாக்டீரியாவும் புரதம் இல்லாமல் வாழ முடியாது. டானின் அதன் புரதங்களைப் பிடித்துக்கொண்டால் நொதிகள் வேலை செய்யாது, மேலுறை பழுதாகும், பெருக்கமும் தடைபடும். பூஞ்சையும் பூச்சியும் விதைகளை அண்டாமலிருக்கத்தான் மாதுளைச் செடி இதைத் தோலில் சேர்த்து வைக்கிறது. உரித்து எறிந்த பிறகும் அந்தச் சக்தி தோலிலேயே இருக்கிறது.

பெருக்கத்தைத் தடுப்பதுதான் முக்கியம். சூடும் ஈரமும் தோதாக அமைந்தால் ஈ.கோலி பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அப்படியானால் ஒன்றே ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, உறை எப்படி வரும்? சேலம் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதில் நாரும் கொஞ்சம் மாவும் தங்கியிருக்கும். இதுபோன்ற மாவை நீரில் கரைத்துக் காய்ச்சி, மாதுளைத் தோல் சாற்றைக் கலந்து, மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால், இலை வடகம் உரிப்பதுபோல் ஒரு தாள் உரிந்து வரும். நொறுங்காமல் வளைவதற்குக் கிளிசரின் சேர்ப்பார்கள். நார் அதற்கு வலு கொடுக்கும்.

சிக்கல்களும் உண்டு. மாவுத் தாள் ஈரம் பட்டால் இளகும். கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உள்ள பாக்டீரியாக்கள் எளிதில் மசியாது. டானின் அதிகமானால் உணவில் துவர்ப்பு ஏறும். இவற்றைத் தீர்க்காமல் இதைப் பிளாஸ்டிக்குக்கு மாற்று என்று சொல்லக்கூடாது. ஆனாலும் முயற்சி மிக நல்லது என்பேன்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். மாதுளைத் தோலைச் சுடுநீரில் ஊறவைத்து, பெரியவர்கள் உதவியோடு ஒரு பழைய இரும்பாணியைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். டானினும் இரும்பும் சேர்ந்து நீர் கறுக்கும். புளியங்கொட்டைத் தோல், வெங்காயச் சருகு, வாழைப்பூ மடல் ஆகியவற்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் இப்படிச் சோதியுங்கள். அந்த நீரைக் குடிக்கக் கூடாது. எது அதிகம் கறுத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.